சிறுநீர்க்குழாயில் நீர்க்கட்டிகள்: ஒரே நோய்க்கு மூன்று எண்கள் ஏன்?

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சிடி ஸ்கேனின் அறிக்கையில், "சிறுநீர்க்குழாயின் மேற்பகுதியில் வழவழப்பான பல சிறு உருண்டைகள், யூரிட்டரைட்டிஸ் சிஸ்டிகாவாக இருக்கலாம், புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி வந்துவிட்டால், படிப்பவருக்கு ஆறுதலும் அச்சமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. சில வாரங்கள் கழித்து, மருத்துவமனை தரும் சுருக்க அறிக்கையிலோ காப்புறுதிப் படிவத்திலோ என்28.8 (ஆங்கிலத்தில் N28.8) என்றொரு நோய்க் குறியீட்டைக் காண்கிறார். இணையத்தில் தேடினால் அமெரிக்கப் பக்கங்கள் என்28.86 என்கின்றன. 2012-க்கு முந்தைய ஆவணம் கையில் இருந்தால் அதில் 590.3 என்று இருக்கக்கூடும். மூன்றில் எது சரி, ஏன் மாறியது, இவற்றில் ஏதாவது ஒன்று புற்றுநோயைக் குறிக்கிறதா என்ற கேள்விகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மூன்றுமே சரியான எண்கள்தாம். மூன்றும் குறிப்பது புற்றுநோய் அல்லாத ஒரே நிலையைத்தான். ஆனால் அந்த எண்ணுக்கு வந்து சேரும் வழியில் தவறு நேரக்கூடிய இடங்கள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மருத்துவத்தைவிடச் சொற்களால் விளைபவை என்பதால், பெயரிலிருந்தே தொடங்குவது நல்லது.

பெயரிலேயே உள்ள சிக்கல்கள்

முதல் சிக்கல் தமிழில் இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயையும், சிறுநீர்ப்பையிலிருந்து உடலுக்கு வெளியே செல்லும் குழாயையும் பேச்சுவழக்கில் "சிறுநீர்க்குழாய்" என்றே சொல்கிறோம். மருத்துவர்கள் முன்னதை யூரிட்டர் என்றும் பின்னதை யூரித்ரா என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். இக்கட்டுரையில் சிறுநீர்க்குழாய் என்பது யூரிட்டரை மட்டுமே குறிக்கும். பெரியவர்களிடம் அது 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும், உட்புறத்தில் 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு தசைக்குழாய். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

இரண்டாவது சிக்கல் "கட்டி" என்ற சொல். சீழ்க்கட்டி, கொழுப்புக்கட்டி, நீர்க்கட்டி, புற்றுநோய்க்கட்டி என்று எல்லாவற்றுக்கும் தமிழில் இந்த ஒரே சொல்தான் இருக்கிறது. "குழாயில் கட்டி இருக்கிறதாம்" என்று குடும்பத்தாரிடம் ஒருவர் சொல்லும்போது, கேட்பவர்கள் மனத்தில் எழுவது பெரும்பாலும் கடைசிப் பொருள்தான். இங்கே பேசப்படுவது நீர் நிறைந்த சின்னஞ்சிறு பை. ஆகவே "நீர்" என்ற முன்சொல்லை எந்த இடத்திலும் விட்டுவிடக் கூடாது. விட்டால் நோயே மாறிவிடுகிறது.

மூன்றாவது, கிரேக்கத்திலிருந்து வந்த பெயரின் சிக்கல். "ஐட்டிஸ்" என்று முடியும் நோய்ப்பெயர்கள் அழற்சியைக் குறிக்கும். எனவே யூரிட்டரைட்டிஸ் என்றால் சிறுநீர்க்குழாய் அழற்சி. சிஸ்டிகா என்றால் நீர்க்கட்டிகளோடு கூடியது. இதே மாற்றம் சிறுநீர்ப்பையில் ஏற்பட்டால் சிஸ்டைட்டிஸ் சிஸ்டிகா எனப்படுகிறது. அந்தப் பெயரில் முதல் "சிஸ்ட்" சிறுநீர்ப்பையையும் இரண்டாவது "சிஸ்ட்" நீர்க்கட்டியையும் குறிக்கின்றன. ஒரே வேர்ச்சொல் ஒரே பெயரில் இரண்டு பொருளில் நிற்பதால், "சிஸ்டைட்டிஸ்" என்று கேட்டவுடனே "நீர்க்கட்டி" என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. சிறுநீரகத்தின் உட்குழிவில் வந்தால் பைலைட்டிஸ் சிஸ்டிகா. உட்குழிவிலும் குழாயிலும் சேர்ந்து வந்தால் பைலோயூரிட்டரைட்டிஸ் சிஸ்டிகா. இந்த உறுப்புகள் அனைத்துக்கும் யூரோத்தீலியம் என்ற ஒரே வகை உட்படலம் இருப்பதால்தான் ஒரே மாற்றம் எல்லாவற்றிலும் தோன்றுகிறது.

நீர்க்கட்டிகள் எப்படி உருவாகின்றன

சிறுநீர்க்குழாயில் இத்தகைய நீர்க்கட்டிகளை 1761-இல் இத்தாலிய உடற்கூற்றியலாளர் மோர்காக்னி விவரித்தார். அவற்றின் பிறப்பிடமாகக் கருதப்படும் செல்கூட்டங்களை 1893-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஃபான் பிருன் விவரித்தார். இன்றும் நோய்க்கூற்றியல் அறிக்கைகளில், அதாவது திசுவை நுண்நோக்கியில் ஆராய்ந்து எழுதும் அறிக்கைகளில், "ஃபான் பிருன் கூடுகள்" என்ற பெயர் வருகிறது. நிகழ்வு இப்படிச் செல்கிறது:

1. நெடுநாள் உறுத்தல். அடிக்கடி வரும் சிறுநீர்த்தொற்று, குழாயில் தங்கும் கல், சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காக உள்ளே வைக்கப்படும் ஸ்டென்ட் போன்றவை உட்படலத்தை இடைவிடாமல் உறுத்துகின்றன.

2. உட்படலச் செல்கள் மொட்டுகளைப்போல் கீழ்நோக்கி அடித்திசுவுக்குள் இறங்குகின்றன. பின்னர் மேற்பரப்போடு தொடர்பு அறுந்து தனிக்கூடுகளாகின்றன.

3. கூட்டின் நடுவிலுள்ள செல்கள் சிதைந்து, அந்த இடத்தில் புரதம் கலந்த நீர் சேர்கிறது. இப்போது அது நீர்க்கட்டி.

ஒவ்வொன்றும் பொதுவாக 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். குழாயின் அகலமே 3, 4 மில்லிமீட்டர்தான் என்பதை நினைவிற்கொண்டால், இவ்வளவு சிறியவை ஏன் படத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்பது புரியும். குழாயின் மேல் மூன்றிலொரு பகுதியில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், கொத்தாகக் காணப்படுகின்றன. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அதிகம். தொற்று பெண்களுக்கே கூடுதலாக வருவது இதற்குப் பொருத்தமான காரணமாகத் தோன்றுகிறது.

பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இருப்பதில்லை. சிலருக்குச் சிறுநீரில் இரத்தம், விலாப்புற வலி, தொற்று திரும்பத் திரும்ப வருதல் ஆகியவை இருக்கும். அவையும் நீர்க்கட்டியால் வந்தவையா, அதற்குக் காரணமான கல்லால் வந்தவையா என்று பிரிப்பது கடினம். தொற்று முழுமையாகக் குணமான பிறகும் நீர்க்கட்டிகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிடலாம். அடுத்த ஸ்கேனிலும் அவை இருக்கின்றன என்பதால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. பெயரில் "அழற்சி" இருந்தாலும், கண்டறியப்படும் நாளில் அழற்சி ஓய்ந்துபோய் அதன் தழும்பு மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். குறியீட்டைப் பற்றிப் பேசும்போது இந்தக் கருத்து மீண்டும் வரும்.

படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

இரத்தநாளத்தில் செலுத்தப்படும் சாயம் சிறுநீரகத்தின் வழியாக வடிந்து சிறுநீர்க்குழாயை நிரப்பும்போது படம் எடுக்கப்படுகிறது. இன்று இது பெரும்பாலும் சிடி யூரோகிராம். சாயம் இல்லாமல் ஒரு முறை, சிறுநீரகத் திசு சாயத்தை ஏற்றிருக்கும்போது ஒரு முறை, குழாய்க்குள் சாயம் இறங்கிய பின் ஒரு முறை எனப் பல கட்டங்களில் எடுப்பார்கள். கடைசிக் கட்டத்தில் குழாய் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்த வெள்ளைக் கோட்டின் ஓரங்களில் மணிமாலையைப்போல் வரிசையாகக் கருமையான வட்டங்கள் தெரிந்தால், யூரிட்டரைட்டிஸ் சிஸ்டிகா நினைவுக்கு வருகிறது.

ஆனால் அந்தக் கரும்வட்டம் உண்மையில் ஒரு நிழல். சாயம் நிரம்பாத இடம். அங்கே ஏதோ இடத்தை அடைத்திருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அடைத்திருப்பது என்ன என்பதைச் சொல்வதில்லை. சிடி ஸ்கேனில் ஒரு பொருளின் அடர்த்தியை அளந்து நீரா, சதையா, கல்லா என்று கூற முடியும் என்றாலும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள பொருளில் சுற்றியுள்ளவற்றின் அடர்த்தியும் கலந்துவிடுவதால் அந்த அளவீட்டை முழுமையாக நம்ப முடிவதில்லை. எனவே கதிரியக்க மருத்துவர் "இருக்கலாம்" என்று எழுதுவதைத் தயக்கமாகக் கருத வேண்டியதில்லை. படம் தரும் சான்று அவ்வளவுதான்.

அதே நிழலைத் தரக்கூடிய மற்றவை:

1. யூரிக் அமிலக் கல். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது; ஆனால் சாயமில்லாத சிடியில் வெண்மையாகத் தெரிந்துவிடும். ஆகவே இதை விலக்குவது எளிது.

2. இரத்தக்கட்டி. சில வாரங்கள் கழித்து மீண்டும் படம் எடுத்தால் காணாமற்போயிருக்கும்.

3. காற்றுக்குமிழி. கீழிருந்து குழாய்வழியாகச் சாயம் செலுத்தும் பரிசோதனையில் நுழைவது. படுக்கும் நிலையை மாற்றினால் நகரும்.

4. பக்கத்தில் ஓடும் இரத்தநாளம் வெளியிலிருந்து அழுத்தும் தடம்.

5. நார்த்திசுப் பாலிப். காம்போடு கூடிய, விரல்போல் நீண்ட வளர்ச்சி, தீங்கற்றது.

6. காசநோய். சிறுநீர்க்குழாயைக் காசநோய் தாக்கினால் ஓரிடம் சுருங்கியும் அடுத்த இடம் விரிந்தும் மணிமாலைத் தோற்றம் வரும். இங்கே வேறுபாடு நுட்பமானது: நீர்க்கட்டியில் குழாயின் சுவர் வழவழப்பாக இருந்து உட்புறம் மட்டும் மேடிடுகிறது; காசநோயில் சுவரே தடித்து இறுகுகிறது. சிறுநீரில் வெள்ளணுக்கள் நிறைய இருந்தும் வழக்கமான கிருமி வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளரவில்லை என்றால், காசநோயைத் தனியாகத் தேடியாக வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் வளர்ந்து சிங்கப்பூருக்கு வந்தவர்கள் நம்மிடையே ஏராளம் என்பதால், இந்த வரியை யாரும் தாண்டிச் செல்லக் கூடாது. இங்கு காசநோய் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோயும்கூட.

7. யூரோத்தீலியப் புற்றுநோய்.

கடைசியானதற்காகத்தான் இத்தனை பரிசோதனைகளும். படத்தில் ஒற்றையாக, ஒழுங்கற்ற விளிம்போடு, சுவர் தடித்து, சாயத்தை உறிஞ்சி ஒளிரும் வளர்ச்சி புற்றுநோயின் பக்கம் சாய்கிறது. புற்றுநோய் மெதுவாக வளர்வதால் அதற்குக் கீழேயுள்ள குழாய் விரிந்துகொடுத்துக் கோப்பைபோல் தெரிவதும் உண்டு. கல்லாக இருந்தால் அதற்குக் கீழே குழாய் சுருங்கியிருக்கும். பலவாக, ஒரே அளவில், வழவழப்பாக இருப்பவை நீர்க்கட்டியின் பக்கம் சாய்கின்றன. ஆனாலும் "பல இருந்தால் புற்றுநோய் இல்லை" என்று விதி செய்துகொள்ள முடியாது. யூரோத்தீலியப் புற்றுநோய்க்கு ஒரே சமயத்தில் பல இடங்களில் தோன்றும் இயல்பு உண்டு. புகைபிடிப்பவர்களையும், அரிஸ்டோலோகிக் அமிலம் கொண்ட மூலிகைகளை உட்கொண்டவர்களையும் மருத்துவர் கூடுதல் எச்சரிக்கையோடு பார்ப்பார். சில பாரம்பரியச் சீன மருந்துகளில் அந்த மூலிகைகள் சேர்ந்திருந்ததால், முன்பு உட்கொண்ட நாட்டுமருந்துகளை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது பயனுள்ளது.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு நிலையையும் குறிப்பிட வேண்டும். சிறுநீர்க்குழாயின் உட்படலம் வெளிப்புறமாகச் சிறுசிறு பைகளாகப் புடைப்பது வேறு நோய். அதற்குப் போலிப்பக்கப்பை நிலை என்று பெயர் கூறலாம். நீர்க்கட்டி உள்நோக்கி மேடிடுகிறது, இது வெளிநோக்கிப் பள்ளமிடுகிறது. இந்நிலை புற்றுநோயோடு சேர்ந்து காணப்படுவது உண்டு என்பதால் தொடர்ந்து கண்காணிப்பார்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஆறுதல் அடைவது தவறு.

கண்ணால் பார்த்து உறுதிசெய்தல்

மெல்லிய நோக்கியைச் சிறுநீர்ப்பை வழியாக மேலே செலுத்திக் குழாயின் உட்புறத்தை நேரடியாகப் பார்ப்பது யூரிட்டரோஸ்கோப்பி. நீர்க்கட்டிகள் அதில் வழவழப்பான, ஒளி ஊடுருவும் கொப்புளங்களாகத் தெரிகின்றன. குத்தினால் நீர் வெளியேறிச் சுருங்கிவிடும். புற்றுநோயோ பாசிபோல் அல்லது பூக்கோசுபோல் கரடுமுரடான பரப்போடு தெரிகிறது. அனுபவமுள்ள கண்ணுக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் போதுமானது. ஐயம் இருந்தால் ஒரு துணுக்கை எடுத்து நோய்க்கூற்றியலுக்கு அனுப்புவார்கள்.

அந்தத் துணுக்கின் வரம்பையும் தெரிந்திருக்க வேண்டும். குழாய் குறுகலானது; அதில் நுழையும் இடுக்கி அதைவிடச் சிறியது; கிடைக்கும் திசு ஊசிமுனை அளவு. துணுக்கில் புற்றுநோய் காணப்படவில்லை என்ற முடிவு, நோக்கியில் கண்ட தோற்றத்தோடும் படத்தோடும் சிறுநீர்ச் செல் பரிசோதனையோடும் பொருந்தும்போதுதான் வலுப்பெறுகிறது. சிறுநீர்ச் செல் பரிசோதனை தீவிரமான புற்றுநோயை நன்றாகக் காட்டும்; மெதுவாக வளரும் வகையைத் தவறவிடும்; கல்லும் தொற்றும் இருந்தால் செல்கள் உருமாறி வீண் ஐயத்தையும் எழுப்பும்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம், இங்கே தவறின் விலை மிக அதிகம். தீவிரமான சிறுநீர்க்குழாய்ப் புற்றுநோய்க்கு நிலையான அறுவைச் சிகிச்சை என்பது சிறுநீரகத்தையும், முழுச் சிறுநீர்க்குழாயையும், அது சிறுநீர்ப்பையில் சேரும் இடத்தையும் சேர்த்து அகற்றுவது. படத்தை மட்டும் நம்பி அகற்றியபின், அகற்றிய உறுப்பில் இருந்தவை வெறும் நீர்க்கட்டிகள்தாம் என்று தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொற்றைக் குணப்படுத்துவது, கல்லை அகற்றுவது, தேவை முடிந்த ஸ்டென்ட்டை எடுப்பது. அரிதாக நீர்க்கட்டிகளே குழாயை அடைத்தால் நோக்கி வழியாக அவற்றை உடைப்பது. மற்றபடி மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண்காணிப்பு.

குறியீடு என்பது என்ன

உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக நோய் வகைப்பாடு, அதாவது ஐசிடி, ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் தருகிறது. நாடுகள் அதைத் தங்கள் தேவைக்கேற்பத் திருத்தி விரிவாக்கிக்கொள்கின்றன. சிங்கப்பூர் மருத்துவமனைகள் முன்பு ஒன்பதாம் பதிப்பின் அமெரிக்கத் திருத்தத்தைப் பின்பற்றின. 2012 முதல் பத்தாம் பதிப்பின் ஆஸ்திரேலியத் திருத்தத்துக்கு மாறின. பழைய ஆவணத்தில் வேறொரு எண் இருப்பதற்கு இந்த மாற்றமே காரணம்.

நோய்க்கான எண்ணோடு இன்னொரு வகை எண்ணும் கட்டணச் சீட்டில் வரும். செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சையைக் குறிக்கும் அந்த எண், சுகாதார அமைச்சின் அறுவைச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. சிக்கலின் அளவுக்கேற்ப 1ஏ முதல் 7சி வரை பிரிக்கப்பட்டிருக்கும். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதில் இந்தப் பிரிவுக்குப் பங்குண்டு. நோய் எண் "ஏன் செய்தார்கள்" என்பதற்கும், பட்டியல் எண் "என்ன செய்தார்கள்" என்பதற்கும் விடை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

மூன்று எண்களின் கதை

ஒன்பதாம் பதிப்பின் அமெரிக்கத் திருத்தத்தில் இந்நோய் 590.3. அந்தப் பிரிவின் தலைப்பு சிறுநீரகத் தொற்றுகள். நீர்க்கட்டிகளைத் தொற்றின் விளைவாகக் கருதிய அக்காலப் பார்வை அந்த இடத்தில் தெரிகிறது.

பத்தாம் பதிப்பில் அது தொற்றுக் குடும்பத்தை விட்டு வெளியேறி, என்28.8 என்ற "சிறுநீரகம், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றின் குறிப்பிட்ட பிற கோளாறுகள்" என்ற பிரிவுக்கு வந்தது. அங்கே அது தனியாக இல்லை. சிறுநீரகப் பெருக்கம், இடம் நழுவிய சிறுநீரகம், அகன்ற சிறுநீர்க்குழாய் போன்ற தொடர்பற்ற பலவும் அதே எண்ணில் அடங்குகின்றன. ஆகவே என்28.8 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு என்ன நோய் என்று சொல்லவே முடியாது. பத்தாம் பதிப்பின் அமெரிக்கத் திருத்தம் அந்தப் பொதுக்கூடத்தை அறைகளாகப் பிரித்தது: பைலைட்டிஸ் சிஸ்டிகாவுக்கு என்28.84, இரண்டும் சேர்ந்ததற்கு என்28.85, யூரிட்டரைட்டிஸ் சிஸ்டிகாவுக்கு என்28.86. அமெரிக்காவில் இது 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூர் ஆவணத்தில் கடைசி இலக்கம் இல்லாதது பிழையாகாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே மாற்றம் சிறுநீர்ப்பையில் ஏற்பட்டால் பத்தாம் பதிப்பு அதை என்30.8 என்று சிறுநீர்ப்பை அழற்சிகளோடு வைக்கிறது. திசுவில் நடப்பது ஒன்றே. ஆனால் உறுப்பு மாறியவுடன் ஓரிடத்தில் "அழற்சி", இன்னோரிடத்தில் "பிற கோளாறு". வகைப்பாடு இயற்கையின் படம் அல்ல, கோப்புகளை அடுக்கும் முறை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தவறு நேரும் இடங்கள்

குறியீட்டாளர் நோயைக் கண்டறிவதில்லை. மருத்துவர் எழுதிய சொல்லை எண்ணாக மாற்றுகிறார். எனவே சொல் சற்று மாறினாலும் எண் மாறும்.

1. "தீங்கற்றது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு டி30.2-க்குப் போவது. அது சிறுநீர்க்குழாயின் தீங்கற்ற புதுவளர்ச்சிக்கான எண். புதுவளர்ச்சி என்றால் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி உருவாக்கிய திசு. அது தீங்கற்றதாகவும் இருக்கலாம், தீயதாகவும் இருக்கலாம். நீர்க்கட்டியோ உறுத்தலுக்கு உட்படலம் காட்டிய எதிர்வினை. அது புதுவளர்ச்சியே அல்ல. நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், புதுவளர்ச்சியா இல்லையா என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். தமிழில் எல்லாமே "கட்டி" என்பதால் நமக்கு இந்த முதற்கேள்வி தவறிப்போவது எளிது.

2. ஐயத்தை டி41.2 என்று எழுதுவது. அது தன்மை உறுதியாகாத புதுவளர்ச்சிக்கானது. "இது என்னவென்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை" என்பதற்கான எண் அன்று. புதுவளர்ச்சி என்று மருத்துவர் கூறியிருந்து, அதன் போக்கு மட்டும் தெளிவாகாதபோது பயன்படுவது. காரணம் தெரியாத நிழல் மட்டும் இருக்கும்போது, சிறுநீர் உறுப்புகளின் இயல்புக்கு மாறான படக்கண்டுபிடிப்பு என்ற ஆர்93.4, அல்லது சிறுநீரில் இரத்தம் என்ற ஆர்31 போன்ற அறிகுறி எண்கள் நேர்மையானவை.

3. "புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய" என்ற வரியைக் கண்டு சி66, அதாவது சிறுநீர்க்குழாய்ப் புற்றுநோய், என்று பதிவது. ஐயத்துக்குரிய நோயை எப்படிப் பதிவது என்பதில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. அமெரிக்காவில் வெளிநோயாளிக்கு ஐயத்தைக் குறியீடாக்கக் கூடாது. உள்நோயாளி வீடு திரும்பும்போதும் ஐயம் நீடித்தால், அந்நோய் இருப்பதாகவே கொண்டு குறியீடு தரலாம். இணையத்தில் படிக்கும் விளக்கம் எந்த நாட்டு விதி என்று பார்க்காமல் இங்குள்ள ஆவணத்தோடு ஒப்பிடுவது வீண் கலக்கத்தையே தரும்.

4. உறுப்பைத் தவறவிடுவது. என்28.1 என்பது பிற்காலத்தில் சிறுநீரகத்தில் ஏற்பட்ட நீர்க்கட்டி. கியூ61 பிறவியிலேயே வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய்கள். பரம்பரையாக வரும் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோயோடு யூரிட்டரைட்டிஸ் சிஸ்டிகாவுக்கு எந்த உறவும் இல்லை. "நீர்க்கட்டி" என்ற சொல் ஒன்றாக இருப்பதால், பிள்ளைகளுக்கும் வருமோ என்று அஞ்சுபவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

5. அரைகுறையாக எழுதுவது. அமெரிக்கத் திருத்தத்தின் அகரவரிசைப் பட்டியலில் "யூரிட்டரைட்டிஸ்" என்று மட்டும் இருந்தால் என்28.89, "சிஸ்டிகா" சேர்ந்தால் என்28.86, "கல்லால் ஏற்பட்ட யூரிட்டரைட்டிஸ்" என்றால் என்20.1, அதாவது சிறுநீர்க்குழாய்க் கல். மருத்துவர் அவசரத்தில் விட்ட ஒரு சொல் நோயாளியை வேறு அறைக்கு அனுப்பிவிடுகிறது.

உடனிருக்கும் நோய்களும் வரிசையும்

நீர்க்கட்டி தனியாகக் கண்டறியப்படுவது குறைவு. கல்லுக்காக மருத்துவமனையில் சேர்ந்து, கல்லை அகற்றும்போது நீர்க்கட்டிகளும் தென்பட்டால், சேர்ந்ததற்கான காரணமாகிய கல்தான் முதன்மை நோய். நீர்க்கட்டி கூடுதல் நோயாக இடம்பெறும். கல் குழாயை அடைத்து அதனால் சிறுநீரகம் வீங்கியிருந்தால், என்20.1-க்குப் பதிலாக இரண்டையும் சேர்த்துச் சொல்லும் என்13.2 வரும். அதோடு தொற்றும் சேர்ந்தால் என்13.6. கல்லுக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதிவது பொதுவான பிழை. காசநோய் உறுதியானால் ஏ18.1, அப்போது மணிமாலைத் தோற்றத்துக்கு நீர்க்கட்டி என்ற விளக்கமே தேவைப்படாமல் போகலாம்.

காப்புறுதியில் இதன் விளைவு

மெடிஷீல்ட் லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்களையும் நிரந்தரவாசிகளையும் முன்பே இருந்த நோய்களோடு சேர்த்தே காக்கிறது. அதன்மேல் தனியார் நிறுவனங்களிடம் வாங்கும் ஒருங்கிணைந்த திட்டத்தின் கூடுதல் பகுதி அப்படியல்ல. விண்ணப்பத்தின்போது ஏற்கெனவே இருந்த நோயை நிறுவனம் விலக்கிவைக்கலாம். எனவே ஒருவருடைய பதிவில் என்28.8 இருப்பதற்கும் டி41.2 அல்லது சி66 இருப்பதற்கும் பெருத்த வேறுபாடு உண்டு. வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி எடுத்துத் தரும் காப்புறுதியே அடிப்படை என்பதால், கோரிக்கையில் எழுதப்படும் நோய்ப்பெயர் அவர்களுக்கும் முக்கியமானது.

பதிவு தவறு என்று தோன்றினால் மருத்துவமனையின் கட்டணப் பிரிவிடம் எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. குறியீட்டாளர் தாமாக மாற்ற முடியாது. ஆதாரமான வரி மருத்துவர் எழுதியது. சிகிச்சையளித்த மருத்துவரிடமே இறுதி நோயறிதலை எழுத்தில் தெளிவுபடுத்துமாறு கேட்க வேண்டும். இதற்குக் கையில் இருக்க வேண்டியவை ஸ்கேன் அறிக்கை, யூரிட்டரோஸ்கோப்பி குறிப்பு, நோய்க்கூற்றியல் அறிக்கை ஆகிய மூன்றும். அவற்றின் தேதிகளையும் கவனிக்க வேண்டும்: துணுக்கின் முடிவு பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே வருகிறது. அதற்கு முன்பே எழுதப்பட்ட சுருக்க அறிக்கையில் ஐயம் மட்டும் பதிவாகி, முடிவு வந்தபின் யாரும் திருத்தாமல் விட்டிருக்கலாம்.

இன்னொன்று, எந்த எண்ணும் சொல்லாதது. என்28.8-இலும் சரி, இன்னும் நுட்பமான என்28.86-இலும் சரி, வலமா இடமா என்ற குறிப்பு இல்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, நோய் எண்ணோடு பக்கத்தைக் குறிக்கும் துணை எண்ணையும் இணைத்தெழுத வழிசெய்கிறது. பத்தாம் பதிப்பு பயன்பாட்டில் இருக்கும்வரை, எந்தப் பக்கத்துக் குழாய், மேலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை நீர்க்கட்டிகள் என்பவை அறிக்கையின் வாக்கியங்களில் மட்டுமே கிடைக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேனை ஒப்பிட வேண்டிய மருத்துவருக்குத் தேவைப்படப்போவதும் அந்த வாக்கியங்களே.